அண்டாவுக்குள்ள ஏறி உக்காந்த காத்து

போர்வைய இழுத்து விட்டாச்சு. கால் ரெண்டும் உள்ளதான இருக்கு? சரி. நாளைக்குக் காதுகுத்துன்னு நெனச்சு நெனச்சு முழிச்சுக்கிட்டே கெடந்தா எப்பிடி? சித்தி ஒரு கதை சொல்றேன். நீ "ம்" கொட்டணும். "ம்" நின்னா கதையும் நின்னுரும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மாமா இருந்தாரு. பேரு சேர்மக்கனி. அவருகிட்ட ஒரு பெரிய மோட்டார் பைக் இருந்துச்சு. சும்மா கடைக்குப் போயிட்டு வர்ற வண்டி இல்ல. மலை, காடு, கடற்கரைன்னு நாள்கணக்குல ஊர் சுத்துற வண்டி. செவப்பும் இல்லாம மஞ்சளும் இல்லாம மாட்டுக்கன்னு நெறத்துல இருக்கும். அதனால அதுக்குச் செவலைன்னு பேரு வச்சிருந்தாரு. டுப் டுப் டுப் டுப்னு ஓடும்.

"வண்டி பேசுமா சித்தி?"

பேசாது. பொய் சொல்லக் கூடாதுல்ல. ஆனா அதோட சத்தம் மாறுனா மாமாவுக்கு மட்டும் புரியும்.

"ம்."

அந்த மாமாவுக்கு ஒரு தங்கச்சி, பேச்சியம்மா. தங்கச்சிக்கு ஒரு பொண்ணு, பூவாத்தா. உன்ன மாதிரியே ஆறு வயசு. அவளுக்குக் காதுகுத்து வச்சாங்க. தாய்மாமன் மடியிலதான உக்கார வச்சுக் குத்தணும்? அப்போ பூவாத்தா சொல்லிப்புட்டா, "மாமா மடின்னா குத்திக்கிறேன். வேற யாரு மடியிலயும் உக்கார மாட்டேன்."

"நானும் மாட்டேன்."

தெரியும்டி. கேளு.

மாமா ஓசூர்ல இருந்து கெளம்புனாரு. சீர் கொண்டு போகணும்ல? பட்டுப் பாவாடை, கொலுசு, ஒரு வாழத்தார், பத்துத் தேங்கா, அப்புறம் ஒரு பெரிய பித்தள அண்டா. நீ உள்ள எறங்கி உக்காந்தா தலை கூடத் தெரியாது, அவ்வளவு பெருசு. கம்மல் மட்டும் சட்டப் பையில. மாமாவோட மாமியார் வாசல்ல நின்னு கண்டிப்பா சொல்லி விட்டாங்க, "மாப்ள, சீர் அண்டாவோட வாய் போற வீட்டப் பாத்துத்தான் இருக்கணும். திருப்பிக் கட்டிராதீக. உள்ள மூட்டை முடிச்சும் திணிக்காதீக. ஒரு மஞ்சக்கெழங்கு போதும்."

மாமாவும் அப்பிடியே கட்டுனாரு. சீட்டுக்குப் பின்னாடி அண்டா, ஆன்னு வாயத் தொறந்துக்கிட்டு முன்னாடி பாத்து. ஒரு பக்கம் வாழத்தார், ஒரு பக்கம் தேங்கா மூட்டை.

அன்னைக்குச் சாயங்காலம் திண்டுக்கல்ல ஒரு சிநேகிதர் வீட்டுல தங்குனாரு.

"நம்ம மாமா மாதிரியா?"

ம். இந்நேரம் உங்க மாமா தங்கியிருக்காருல்ல, அதே மாதிரி.

காலைல எந்திரிச்சுப் பாத்தா, பெட்ரோல் பங்க் எல்லாம் கயிறு கட்டி மூடியிருக்கு. ஸ்ட்ரைக்! ஒரு சொட்டு கெடைக்காது. செவலையோட மீட்டர்ல ஆறு கோடு இருந்துச்சு. தங்கச்சி ஊருக்கு இன்னும் நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர். மாமா விரல் விட்டு எண்ணுனாரு. "ஆறு கோடு தாராளம்டா செவலை. எப்பவும் ஓடுற மாதிரி ஓடு, மிச்சமே இருக்கும்"னு தட்டிக் குடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. எப்பவும் முதுகுல அண்டா இருக்காதுங்கறத மறந்துட்டாரு பாரு.

"ம்."

டுப் டுப் டுப்னு போய்க்கிட்டு இருக்காரு. அப்போ பின்னாடி இருந்து வ்ர்ர்ரூம்னு ரெண்டு பைக் வந்துச்சு. ஓட்டுனவனுங்க ரெண்டு பேரும் தலைக்கு மேல கேமரா மாட்டியிருந்தானுங்க. அதுல ஒருத்தன் கத்துனான், "அண்ணாச்சி, வண்டியில பாத்திரக் கடையா? கட்டவண்டி கூட வேகமாப் போகும்!"

மாமாவுக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. முறுக்குனாரு பாரு, அம்பது, எழுவது, தொண்ணூறு, நூத்திப் பத்து! அப்போ யாரு வந்தா தெரியுமா? காத்து. மெதுவாப் போறப்போ காத்து சும்மா தடவிட்டுப் போயிரும். வேகமாப் போனா அதுக்குக் கோவம் வந்துரும். நேரா பறந்து வந்து அண்டாவுக்குள்ள ஏறி உக்காந்துக்கிச்சு. உக்காந்துக்கிட்டுப் பாட்டு வேற. ஊஊஊஊம்! ஊஊஊஊம்!

"ஊஊம்!"

மெதுவா. பக்கத்துல அம்மா தூங்குறா.

செவலை மூச்சு வாங்குச்சு. காத்தையும் சேத்து இழுக்கணும்ல? முறுக்க முறுக்க மடக் மடக்னு பெட்ரோலக் குடிச்சுச்சு. மதுர பைபாஸ் வந்தப்போ மாமா மீட்டரப் பாத்தாரு. ஆறு கோடுல மூணுதான் இருக்கு. வழியில மூணுல ஒரு பங்குதான் போயிருக்கு. பெட்ரோல்ல பாதி காலி.

ஒரு டீக்கடையில நிறுத்துனாரு. கடைக்கார அக்கா அண்டாவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "ஏன் தம்பி, வர்றப்போ ஊஊன்னு சங்கு மாதிரி கேட்டுச்சே, இதுதானா? அண்டா நெறயக் காத்தக் கொண்டு போறீகளே, போற ஊர்ல காத்துக்குப் பஞ்சமா?"

"வாய் போற வீட்டப் பாத்திருக்கணும்னு மாமியார் சொன்னாங்கக்கா."

"உங்க மாமியாரு பஸ்ல போறவுக, காத்து இழுக்குறது அவுகளுக்கு எப்பிடித் தெரியும்? சீரு போய்ச் சேந்தாத்தான தம்பி சீரு?"

மாமா டீயக் கூட முழுசாக் குடிக்கல. யோசிச்சாரு. கயிற அவுத்து அண்டாவத் திருப்புனாரு. உருண்டையான அடிப்பக்கம் முன்னாடி, வாய் பின்னாடி. "அத்த, மன்னிச்சிருங்க. ஊர் எல்லையில திருப்பிக் கட்டிர்றேன்"னு ஓசூர் இருக்குற பக்கமாப் பாத்து ஒரு கும்பிடு. ரெக்க மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு இருந்த வாழத்தார ஒட்டி இழுத்துக் கட்டுனாரு. தேங்காயில பாதிய அக்காகிட்டயே குடுத்துட்டாரு. "சட்னிக்கு வச்சுக்கோங்கக்கா." அவ்வளவு கனம் கொறஞ்சுச்சு.

"அப்புறம்?"

அப்புறம் வண்டிய எடுத்தாரு. ஊஊன்னு சத்தம் இல்ல. காத்து வந்து முட்டிப் பாத்துச்சு, அண்டா முதுகுல வழுக்கிப் போயிருச்சு. ஆனாலும் செவலை சரியா உருளல. பின்னாடி பொத்... பொத்... பொத்துன்னு, சேத்துல நடக்குற மாதிரி. மாமா எறங்கி டயர அமுக்கிப் பாத்தாரு. மெத்து மெத்துன்னு இருக்கு.

பக்கத்துல ஒரு பஞ்சர் கடை. அங்க ஏற்கனவே ரெண்டு லாரி நிக்குது. மாமா கடிகாரத்தப் பாக்குறாரு, ரோட்டப் பாக்குறாரு. காத்து புடிக்காமலே போயிரலாமான்னு ஒரு நெனப்பு. "இல்ல, இப்பிடியே போனா வண்டி இழுத்து இழுத்தே குடிச்சுத் தீத்துரும்"னு நின்னாரு. அரமணி நேரம்! கடைக்காரர் வந்து அமுக்கிப் பாத்துட்டு, "ஒத்த ஆளுக்கு வைக்கிற காத்த வச்சுக்கிட்டு ஒரு குடும்பத்தையே ஏத்திட்டு வந்திருக்கீரே"ன்னு சிரிச்சாரு. புஸ்ஸ்ஸ்ஸ்னு புடிச்சு விட்டாரு. கிறீச் கிறீச்சுன்னு காஞ்சு கெடந்த செயினுக்கும் எண்ணெய் விட்டாரு.

பாத்தியா, வெளிய நின்னு இழுத்துச்சே, அதே காத்துதான். டயருக்குள்ள போனதும் நல்ல புள்ளையா வண்டியத் தாங்குச்சு. டுப் டுப் டுப்னு செவலை வழுக்கிக்கிட்டுப் போச்சு.

"ம்..."

கண்ண மூடிக்கிட்டே கேளு. பரவால்ல.

இன்னும் ரொம்ப தூரம் இருக்கு. அப்போ போன் அடிச்சுது. மாமா ஓரமா நிறுத்தி எடுத்தாரு. பேச்சியம்மா அழுற மாதிரி பேசுறா. "எங்கண்ணே வர்ற? காது குத்துற ஆசாரிக்கு இன்னொரு வீடு இருக்காம். பன்னெண்டு மணிக்கு மேல நிக்க மாட்டேங்காரு. எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா மடியில வச்சுக் குத்திரலாம்னு எல்லாரும் சொல்றாக."

"பூவாத்தா என்ன பண்றா?"

"பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கா. காதப் பொத்திக்கிட்டா."

இதான் ரொம்பக் கஷ்டம். வேகமாப் போனா நேரத்துக்குப் போயிரலாம், ஆனா பெட்ரோல் நடு ரோட்டுல தீந்துரும். மெதுவாப் போனா பெட்ரோல் வரும், நேரம் தீந்துரும். நீயா இருந்தா என்ன பண்ணுவ?

"வேகமா..."

மாமாவுக்கும் கை துடிச்சுது. ஆனா மதுரையில பாத்த மூணு கோடு ஞாபகம் வந்துச்சு. "தங்கச்சி, நான் மெதுவாத்தான் வருவேன். ஆனா வந்துருவேன். அவகிட்ட சொல்லு"ன்னு போன வச்சாரு.

கோழிமுட்டையப் புடிக்கிற மாதிரி ஆக்சிலேட்டரப் புடிச்சாரு. அம்பத்தஞ்சு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. படக்குனு முறுக்கல, சடக்குனு பிரேக் அடிக்கல. முன்னாடி லாரி நின்னா தூரத்துலயே பாத்துக் கைய எடுத்துருவாரு, வண்டி தானா உருண்டு போகும். நெஞ்சுக்குள்ளதான் திக் திக்.

போற வழியில, சாத்தூர் தாண்டி, ஒரு வேப்பமரத்தடியில ரெண்டு பேரு உக்காந்திருக்கானுங்க. யாரு?

"கேமரா!"

அவனுங்களேதான். டேங்க் காலி. "அண்ணாச்சி, பெட்ரோல் இருக்கா?"ன்னு மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கேட்டானுங்க. மாமா மீட்டரக் காட்டுனாரு. ஒரே ஒரு கோடு, அதுவும் மினுக் மினுக்னு. "தம்பிகளா, ஒரு சொட்டு குடுத்தாலும் அங்க ஒரு புள்ள அழும். இந்தாங்க, பழம் சாப்புடுங்க." தார்ல பாதிய வெட்டிக் குடுத்துட்டாரு. ஒருத்தன் வாயில பழத்த வச்சுக்கிட்டே, "கட்டவண்டின்னு சொன்னது தப்புண்ணாச்சி"ன்னான். "போங்கடா"ன்னு மாமா சிரிச்சுக்கிட்டே கெளம்பிட்டாரு.

அங்க என்ன ஆச்சு தெரியுமா? மணி பன்னெண்டாயிருச்சு. ஆசாரி துண்ட ஒதறித் தோள்ல போட்டு, "சரி தாயி, நான் வாரேன்"னு பெட்டிய எடுக்கக் குனியுறாரு. பெட்டியக் காணோம். எங்க போச்சு? பூவாத்தா அது மேல உக்காந்திருக்கா! பாவாடைய விரிச்சு மூடிக்கிட்டு.

"எந்திரி தாயி."

"மாமா வந்தாத்தான் எந்திரிப்பேன்."

"மாமா வரலன்னா?"

"மெதுவாத்தான் வருவாரு. ஆனா வந்துருவாரு."

ஆசாரி அவ மொகத்தப் பாத்தாரு. துண்ட மறுபடி விரிச்சு உக்காந்துட்டாரு.

"...ம்."

இங்க ஊர் எல்லை தெரியுது. தண்ணித் தொட்டி தெரியுது. டுப் டுப் டுப்... டுப்... டுப்... டு...

அவ்வளவுதான். செவலை நின்னுருச்சு. ஒரு சொட்டு இல்ல.

மாமா அத ஏசல. டேங்க்கத் தடவிக் குடுத்து, "இவ்வளவு தூரம் நீ கூட்டியாந்த. மிச்சத்துக்கு நான் கூட்டிட்டுப் போறேன்"னு எறங்குனாரு. நேரமே இல்ல, ஆனாலும் சொன்ன சொல்ல மறக்கல. கயிற அவுத்து அண்டாவத் திருப்பி, வாய் வீட்டப் பாக்குற மாதிரி கட்டுனாரு. அப்புறம் தள்ளுனாரு. ம்ஹும்... ம்ஹும்... ம்ஹும்... வேர்வ சொட்டுச் சொட்டா ரோட்டுல விழுது.

தெருவுல எல்லாரும் வண்டிச் சத்தம் கேக்குமா, கேக்குமான்னு இருக்காங்க. சத்தமே இல்ல. பூவாத்தாதான் முதல்ல பாத்தா. தெருமுனையில சூரியன் மாதிரி ஒண்ணு பளபளன்னு வருது. அண்டா! அதுக்கு முன்னாடி குனிஞ்ச மாமா தலை.

பெட்டிய விட்டு ஒரே ஓட்டம்.

அப்புறம் மாமா மூஞ்சியக் கழுவிட்டு வந்து சம்மணம் போட்டு உக்காந்தாரு. பூவாத்தா மடியில ஏறி உக்காந்துக்கிட்டா. ஆசாரி மொசுக்குன்னு ஒண்ணு. மொசுக்குன்னு இன்னொண்ணு.

"வலிச்சுச்சா?"

வலிச்சுச்சு. சித்தி மறைக்க மாட்டேன். கட்டெறும்பு கடிச்ச மாதிரி வலிச்சுச்சு, அவளும் அழுதா. மாமா அவ தலைய நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டாரு. வண்டி தள்ளிட்டு வந்தாருல்ல, நெஞ்சு இன்னும் அடங்கவே இல்ல. பூவாத்தா அழுகைய நிறுத்திட்டுக் காத வச்சுக் கேட்டா. "மாமா, உள்ள டுப் டுப்னு செவலை மாதிரி ஓடுது."

மாமா சொன்னாரு, "அது பெட்ரோல் இல்லாமலே ஓடும்டா தங்கம்."

...

"ம்" எங்க? ம்?

தூங்கிட்டா.

வண்டிக்கு ஸ்டாண்டு போட்டாச்சு, அண்டாவ எறக்கி வச்சாச்சு, கதையும் வீடு வந்து சேந்தாச்சு. நீ நிம்மதியாத் தூங்கு. காலையில தெருமுனையில டுப் டுப்னு கேட்டா நானே எழுப்புறேன்.

மெதுவாவே வாண்ணே. நாங்க பெட்டி மேல உக்காந்திருக்கோம்.