துண்டுக்கு அடியில் ஒரு கேள்வி

“என் உசுருக்கு எவனோ வெலை பேசி முடிச்சுப்போட்டானுங்க. என்னைய ஒரு வார்த்தை கேக்காம.”

டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் நாச்சிமுத்து. நாற்பது வருஷம் சந்தையில் நின்ற மாட்டுத் தரகர். நுரையீரலில் புற்றுநோய்.

ஊசி போடச் சொன்ன டாக்டர் ரகோத்தமனுக்குக் காது சிவந்தது. அவர் என்ன குற்றம் செய்தார்? “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்கமாட்டாரு” என்று மகன் அழுதான். மகனிடமே பேசி, மகனிடமே கையெழுத்து வாங்கி, இருப்பதிலேயே கடுமையான கீமோவை எழுதினார். எல்லா இடத்திலும் நடப்பதுதானே.

தனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பியூலா மேடத்திடம் போய் நின்றார்.

“பிடிவாதக்காரர் மேடம். எப்படிச் சம்மதிக்க வைக்கறது?”

மேடம் எழுந்து வார்டுக்கு நடந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்தார். மகன் தலைமாட்டில் நின்றான்.

“என்ன நோயின்னு தெரியுமா?”

“அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கறனுங்க. வாசல்ல இருக்கற போர்டை எழுத்துக்கூட்டிட்டுத்தான் உள்ள வந்தேன்.”

மகன் தலை குனிந்தான்.

மேடம் நாச்சிமுத்துவின் தோளில் கிடந்த துண்டை எடுத்து, இருவர் கைகளையும் மூடினார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். எத்தனை விரலைப் பிடித்தார்கள் என்பது பிடித்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

நாச்சிமுத்து சிரித்தார். “பொம்பளைங்ககூடத் துண்டு போட்டதில்லீங்க.”

“நானும் மாடு வித்ததில்ல. ஒரு விரல்னா கடுமையான மருந்து. ஆளைப் போட்டுப் புரட்டும். சில மாசம் கூடக் கிடைக்கலாம், உறுதியில்ல. ரெண்டு விரல்னா வலிக்கும் மூச்சுக்கும் மட்டும் வைத்தியம். நாள் குறையலாம், நடமாட்டமா இருக்கலாம். எதைப் பிடிச்சாலும் நான் கூட இருப்பேன்.”

துண்டு வெகுநேரம் அசையவில்லை. மகன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒருமுறை அசைந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் ரகோத்தமன் கேட்டார், “எத்தனை விரல் மேடம்?”

“ஒண்ணு.”

ரகோத்தமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “நான் எழுதின மருந்தேதானே? இதுக்கா இவ்வளவு?”

மேடம் நின்றார்.

“மருந்து அதேதான். இப்ப உள்ள போங்க. ‘உங்கள ஒதுக்கி வெச்சுப் பேசினது என் தப்புதான்’னு, மகன் முன்னாடியே அவர்கிட்ட சொல்லுங்க. அதுக்கப்புறம் ஊசிக்கு அவரா கையை நீட்டட்டும்.”