வத்தம் வருது

ஒரு ஊர்ல ஒரு பூட்டுக்கடைக்காரர் இருந்தாராம். இந்தக் கதையில ஒரு சிரிப்பு இருக்கு, ஆனா இப்ப இல்ல. நான் சொல்லும்போதுதான் சிரிக்கணும். ம் சொல்லு.

அவரு பேரு சவரிமுத்து, ஊரு திண்டுக்கல்லு. கடையை மகன்கிட்ட குடுத்துட்டு, ஒரு பாய்மரப் படகு வாங்கி, பொண்டாட்டி அமலோற்பவத்தோட கடலோரமாவே ஊர் ஊரா போயிட்டிருந்தாரு. ஆளு நல்லவருதான், ஆனா எதுலயும் சந்தேகம். பக்கத்துல ஒரு மீன் துள்ளுனாகூட, "இது எதுக்கு எட்டிப் பாக்குது?"ம்பாரு.

அப்புறம் ஒரு நாள் ஒரு ஆத்து வாயில நங்கூரம் போட்டாங்க. உள்ள பூரா சுரபுன்னைக் காடு. தண்ணிக்குள்ளயே மரம், ஒவ்வொரு மரத்துக்கும் சிலந்திக் கால் மாதிரி வேரு. சுத்திப் பாக்கலாம்னு டிங்கியை, அதான் பெரிய படகுமேல இருந்த குட்டிப் படகை, எறக்கி ரெண்டு பேரும் உள்ள போனாங்க. பெரிய படகுக்குத் திரும்ப அது ஒண்ணுதான் வழி. சளக், சளக், துடுப்பு.

முதல்ல, இடுப்பளவு தண்ணியில எறா தடவிட்டிருந்த ஒரு ஆயா, பொக்கை வாயால சொன்னுச்சு: "தம்பீ, வத்தம் வருதுப்பா. வந்தா படகை விடாது."

சவரிமுத்துவுக்குச் சுரீர்னுச்சு. "யாரு இந்த வத்தம்?"

"அது வந்துங்க..." அமலோற்பவம் தூத்துக்குடிக் கடக்கரைப் பொண்ணு.

"நீ பேசாத. உனக்கு ஊர்ல எல்லாரும் நல்லவங்க."

சரின்னு அந்தம்மா வாயை மூடிக்கிச்சு. ஏய், சிரிக்காத, இன்னும் இல்ல.

அப்புறம் வலை கட்டிட்டிருந்த ஒரு ஆளு, தகரத்துல ஆணி இழுத்த மாதிரி கொரலு: "அண்ணே, வத்தம் சின்ன வாய்க்கால்லதான் மொதல்ல வரும். பெரிய ஆத்துக்குப் போயிருங்க."

"பாத்தியா, கூட்டாளியப் பெரிய ஆத்துல நிறுத்தியிருக்கான்"னு, வேணும்னே சின்ன வாய்க்கால்ல திருப்புனாரு.

அப்போ எதிர்ல தோணியில ஒரு பொண்ணு, மூக்கால: "மாமோய், உள்ள போனா வத்தம் புடிச்சுக்கும். இருட்டுனப்புறந்தான் விடும்."

"வரும், புடிக்கும், விடும். அந்த ஆளைப் பத்திப் பேசுறதுல ஒரு மரியாதை இருக்கா பாரு. பெரிய கேடியாத்தான் இருப்பான்."

அப்புறம் என்ன பண்ணாரு? வேர் மறைவுல டிங்கியைச் சொருகி, அதோட மூக்குல சங்கிலியப் போட்டு, வேரோட இறுக்கி, சொந்தக் கடை மாங்காப் பூட்டைப் போட்டாரு. கிளிக். ஒரு விரக்கடைகூட ஆடாது. துடுப்பைத் தூக்கிப் புடிச்சுட்டு மூச்சு விடாம உக்காந்தாரு. "வரட்டும்."

டப். டப். களக்... களக்... ம் சொல்லு.

அப்போ மெதுவா, ரொம்ப மெதுவா, டிங்கியோட முன்பக்கம் தூக்குது. சவரிமுத்து பின்னால சறுக்குறாரு. சர்ர்ர். பொத்துனு பொண்டாட்டி மடியில.

"வந்துட்டான். படகைத் தூக்குறான் பாரு"ன்னு துடுப்பை வீசுறாரு. காத்துதான் அடி வாங்குது.

எட்டிப் பாத்தாரு. ஆளைக் காணோம். தண்ணியையும் காணோம். பளபளன்னு சேறு. ஒரு நண்டு இவரைப் பாத்துக் கொடுக்கை ஆட்டுது.

சேத்தையே பாத்தாரு. தலைக்கு மேல, டிங்கி மூக்கை வேரோட இழுத்துப் புடிச்சிருக்குற பூட்டைப் பாத்தாரு. மறுபடியும் சேத்தைப் பாத்தாரு.

"ஏம்மா," கொரல் எறங்கிப் போச்சு. "வத்தம்னா... தண்ணி வத்துறதா?"

அந்தம்மா தூக்குச்சட்டியத் தொறந்துக்கிட்டே, "ம்."

இப்ப சிரி. கதை தரை தட்டிருச்சு, கண்ணை மூடு.