ஐவரியா, கிரீமா?

“சுத்தி வளைக்காம சொல்லுங்கம்மா. ஐவரியா, கிரீமா?”

ஆசிரமத்துப் பெரியவர் கோதண்டம் விடுவதாக இல்லை. விருந்தினர் அறைச் சுவரில் இரண்டு பெயிண்டையும் அடுத்தடுத்துப் பூசி வைத்திருந்தார். வெயிலில் பார்த்தாயிற்று. விளக்கைப் போட்டும் பார்த்தாயிற்று.

குரு பூங்கோதை அவரைவிட இருபது வயது இளையவர். “ரெண்டுக்கும் என்னங்க ஐயா பெரிய வித்தியாசம்?” என்றார்.

“என்னம்மா இப்படிச் சொல்லிட்டீங்க! கிரீம்ல மஞ்சள் ஒரு பொட்டு தூக்கல். மனசு அலையும். ஐவரிதான் அடக்கும்.”

“யார் மனசை?”

“தங்கப் போறவங்க மனசைத்தான்.”

குரு வாசல் பக்கம் கையை நீட்டினார்.

கேட் ஓரமாகச் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். புருஷனிடம் அடிபட்டு ஓடி வந்தவள். காலையிலிருந்து மடியில் வைத்த பையை இறக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விடுகிறேன் என்பதே அவள் பேச்சு.

கோதண்டம் அவளை அறைக்கு அழைத்து வந்தார்.

“சுவரைப் பாரும்மா. எது பிடிச்சிருக்கு?”

அவள் சுவரைப் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லையே?”

“இங்க எதுக்கும்மா தாழ்ப்பாள்? எல்லாரும் நல்லவங்க.”

“எனக்குக் கல்யாணம் பேசினப்பவும் இதைத்தான் சொன்னாங்க.”

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனுஷன். கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

பிறகு விறுவிறுவென்று தன் அறைக்குப் போனார். அவர் கதவில் தாழ்ப்பாள் இருந்தது. பித்தளையில், நல்ல கனமாக. இத்தனை நாளும் அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினார், நல்லவர்களுக்கு நடுவில்.

கழற்றிக் கொண்டுவந்தார். செண்பகத்தின் கதவில் திருகினார். வெளியே வந்து நின்றார்.

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.



அப்புறம் தரையில் பை இறங்கும் சத்தம்.

“ஐயா, இருக்கீங்களா?”

“இருக்கேம்மா.”

“மஞ்சளா இருக்கே, அதுதான் நல்லாருக்கு. இன்னொண்ணு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு.”

கோதண்டம் வாதாட வாயைத் திறந்தார். பின்னால் குரு நின்றிருந்தார்.

“மனசு அலையுமே, ஐயா?”

கோதண்டம் கதவருகே குனிந்தார். குரல் தணிந்திருந்தது.

“எப்பம்மா வந்து பூசட்டும்?”

“நாளைக்குக் கதவைத் தட்டுங்க. திறக்கிறேன்.”