வெயில் வரிசை

“மேடம், அந்த வரிசைக்கும் கீத்துப் போட்டுரலாமா?”

மாணவி கேட்டாள்.

ஆசிரியை எஸ்தர் மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெப்பமானியின் கம்பியைப் புதைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“போடலாம்.”

“நிஜமாவா?”

“போட்டுட்டு ஒண்ணு மட்டும் சொல்லு. மத்த வரிசைங்கள்ல குஞ்சு வெளிய வந்தா, அது கீத்தாலதான் வந்துச்சுன்னு எதை வச்சுச் சொல்லுவே?”

மாணவி கையிலிருந்த தென்னங்கீற்றைக் கீழே வைத்தாள்.

அது பங்குனி ஆமை என்னும் கடலாமையின் முட்டைகளைக் காக்கும் அடைப்பு. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறுபக்கம் கடல். இரவில் ஆமை கரையேறி, குழி தோண்டி, முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். திரும்பிப் பார்க்காது. நாய்கள் கிளறுவதற்குள் காவல்காரர் காத்தமுத்து முட்டைகளை வாளியில் எடுத்து வருவார். மூங்கில் வேலிக்குள் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைப்பார்கள். ஒரு குழிக்கு ஒரு குச்சி. குச்சியில் எண்.

எல்லா வரிசைக்கும் மேலே கீற்றுப் பந்தல் இருந்தது. கடைசி வரிசைக்கு மட்டும் இல்லை. அதில் ஆறு கூடுகள். வெயில் வரிசை என்று காத்தமுத்து அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

மணல் குளிர்ந்திருந்தால் முட்டை ஆணாகும். சூடாக இருந்தால் பெண்ணாகும். இன்னும் சூடானால் எதுவும் ஆகாது.

கரை நெடுக இப்படிப் பல அடைப்புகள் உண்டு. எல்லாவற்றுக்கும் பந்தல் போடலாம், ஆனால் நிழலால் பயன் உண்டென்று காட்டுங்கள் என்று மேலதிகாரிகள் கேட்டிருந்தார்கள். அதைக் காட்டுவதுதான் மாணவியின் ஆய்வு.

அவள் பெயர் போதும்பொண்ணு. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர். கிணற்றுக்கே தண்ணீர் வராத ஊரிலிருந்து வந்தவள். கடலைப் பார்த்ததே கல்லூரிக்கு வந்த பிறகுதான். அவள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அதனால் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பாள். மூன்றாவது முறை பயந்துகொண்டே பார்ப்பாள்.

ஆசிரியை அவளைப் பொண்ணு என்று கூப்பிடுவார்.

“பொண்ணு, ஆமை தானாத் தோண்டிப் போட்ட முட்டைக்கு யாரு பந்தல் போட்டா?”

“அப்போ இவ்வளவு வெயில் இல்லையே மேடம்.”

ஆசிரியை கையிலிருந்த மணலைத் தட்டினார்.

“நான் உன்னை மாதிரி வந்தப்போ, இதே மாசம், இதே ஆழத்துல முப்பது டிகிரி காட்டுச்சு.”

“இப்போ?”

“நீயே பாரு.”

மாணவி பார்த்தாள். வெப்பமானி முப்பதை எப்போதோ தாண்டியிருந்தது.

“இந்த வரிசை மேல எதுவும் விழக் கூடாது” என்றார் ஆசிரியை. “தண்ணி, துணி, குடை. எதுவும்.”

வேலிக்கு அப்பாலிருந்து காத்தமுத்து கேட்டார். “மேகம் வந்தா என்ன செய்வீங்க?”

“மேகம் எல்லா வரிசைக்கும்தான் வரும், காத்தமுத்து.”

மேகம் வரவில்லை.

*

பங்குனி பாதியில் வெயில் ஏறியது. செருப்பில்லாமல் கரையில் நிற்க முடியவில்லை. நாய்கள்கூடத் தோப்பை விட்டு வெளியே வருவதில்லை.

“குஞ்சு பொரிக்கத்தானே புதைச்சோம்?” என்றார் காத்தமுத்து. “மேடம் வறுக்கிறாங்க போலிருக்கே.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் தன் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

காலையில் மாணவி அடைப்பில் இருப்பாள். மதியம் ஆசிரியை வருவார்.

“நீ போய்ச் சாப்பிட்டுப் படு. நான் இருக்கேன்.”

வெயில் தாழ்ந்து அவள் திரும்பி வரும்போது ஆசிரியை வரிசைக்குப் பின்னால் நின்றிருப்பார். மேற்கு வெயில் முதுகில் அடிக்கும். கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மேடத்துக்குக் கடல் பிடிக்கும் என்று மாணவி நினைத்துக்கொண்டாள்.

*

ஒரு நாள் ஆசிரியை காலையிலேயே வந்துவிட்டார்.

மாணவி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். இரண்டு கைகளாலும் துப்பட்டாவை விரித்துப் பிடித்திருந்தாள்.

“என்ன காயப்போடுற?”

“துப்பட்டா மேடம்.”

“அது நனையவே இல்லையே.”

மாணவி கையை இறக்கவில்லை. இறக்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கிழக்கு வெயிலில் அவள் நிழல் நீண்டு, ஆறாவது குச்சியைத் தாண்டி விழுந்திருந்தது.

“எத்தனை நாளா?”

“வெயில் ஏறினதுலேருந்து. ஆறாவதுக்கு மட்டும்தான் மேடம். சத்தியமா.”

“ஏன் ஆறாவது?”

“ஓரத்துல இருக்கு.” அப்புறம் சொன்னாள். “கடைசியா இருக்கு.”

ஆசிரியை ஆறாவது குச்சியையே பார்த்தார். மாணவிதான் பேசினாள்.

“என் நிழல் அவ்வளவு ஆழத்துக்கு எட்டியிருக்காது மேடம்.”

“எட்டியிருக்காதுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எட்டியிருக்கும்னு?”

“அதுவும் தெரியாது.”

ஆசிரியை குனிந்து ஆறாவது குச்சியைப் பிடுங்கினார். அவள் கையில் கொடுத்தார்.

“தெரியாததை எண்ணக் கூடாது. இது இனிமே நம்ம கணக்குல இல்லை. நீ தாராளமா இதுக்குக் கீத்துப் போட்டுக்கோ.”

மாணவி குச்சியை இறுக்கிப் பிடித்தாள். அழுகை வந்தது. அது துக்கமா, நிம்மதியா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

“மிச்சம் அஞ்சு” என்றார் ஆசிரியை. “அஞ்சு போதும். அதுக்குக் கீழே போனா தற்செயல்னு சொல்லிருவாங்க. திரும்ப முதல்லேருந்து. இன்னொரு பங்குனி, இன்னொரு வரிசை, இன்னும் ஆறு கூடு வெயில்ல. புரியுதா?”

“புரியுது மேடம்.”

“உங்க வீட்டுல இன்னும் ஒரு வருஷம் பொறுப்பாங்களா?”

மாணவியின் அம்மா ஒவ்வொரு முறை பேசும்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். ‘எப்பம்மா முடியும்?’ ஆமை முட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவள் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. கடல் சம்பந்தமான படிப்பு என்று சொல்லியிருந்தாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா மேடம்?”

“கேளு.”

“இதுங்களைப் பாத்தா உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையா?”

“நகரு” என்றார் ஆசிரியை. “உன் நிழல் அஞ்சாவது மேல விழுது.”

*

பந்தலுக்குக் கீழே மணல் முதலில் லேசாக உள்வாங்கியது. மறுநாள் விடியலில் சின்னச் சின்னத் தலைகள் தெரிந்தன. அப்புறம் துடுப்புகள். காத்தமுத்து அகலமான தட்டுக்கூடையில் அவற்றை அள்ளி, ஈர மணல் வரை கொண்டுபோய் இறக்கிவிட்டார். அவை கடலைப் பார்த்து ஓடின. யாரும் வழி சொல்லவில்லை.

வெயில் வரிசை அசையவில்லை.

பொரிக்க வேண்டிய நாள் கடந்த பிறகு தோண்டினார்கள். மாணவிதான் தோண்டினாள்.

ஒன்றாவது. முழுதாக உருவான குஞ்சுகள். கண், துடுப்பு, ஓடு எல்லாம் இருந்தன. உயிர் இல்லை.

மூன்றாவது அப்படியே. நான்காவது அப்படியே. ஐந்தாவதில் ஒன்று முட்டையை உடைத்து வெளியே வந்து, மேலே ஏறும் வழியில் இறந்திருந்தது. அதை அவள் கையிலேயே வைத்திருந்தாள். காத்தமுத்துதான் வாங்கிக் கீழே வைத்தார்.

கணக்கில் இல்லாத ஆறாவதில் சில பிழைத்திருந்தன.

இரண்டாவதைக் கடைசியாகத் தோண்டினாள். கை வைத்ததும் உள்ளே ஏதோ அசைந்தது.

“அண்ணே! தட்டு! தட்டு எடுத்துட்டு வாங்க!”

பாதிக்கு மேல் உயிரோடு இருந்தன. மணலை உதறிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

காத்தமுத்து அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். “பொண்ணு, இதுவும் உன் துப்பட்டா வேலையா?”

“இல்லண்ணே. நான் ரெண்டாவது பக்கம் போகவே இல்லை.”

“எங்கிட்ட சொல்லலாம். நான் மேடத்துகிட்ட சொல்ல மாட்டேன்.”

“எங்கம்மா மேல சத்தியம்ணே.”

ஆசிரியை அப்போது அலையில் கை கழுவிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழுவினார்.

*

இறந்தவற்றைக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். வெளியே பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. உள்ளே பார்க்க வேண்டும். இறந்தவற்றில் மட்டுமே பார்க்கலாம்.

மாணவி நுண்ணோக்கியில் கண் வைத்திருந்தாள். ஆசிரியை பக்கத்தில் நின்று கேட்டார்.

“இது?”

“பெண்.”

“இது?”

“பெண்.”

கொஞ்ச நேரத்தில் ஆசிரியை கேட்பதை நிறுத்திவிட்டார். மாணவி மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசிக் கண்ணாடித் தகட்டை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஒரு பையன்கூட இல்லை மேடம்.”

“ம்.”

“எங்க வீடு மாதிரி.”

சிரிக்கலாம் என்றுதான் அதைச் சொன்னாள். வரவில்லை.

“எங்க அக்காங்களுக்காவது பக்கத்து ஊர்ல மாப்பிள்ளை இருந்தாங்க. பொழச்சுக் கடலுக்குப் போனதுங்களும் இப்படித்தான்னா, அதுங்க எங்க போய்த் தேடும்?”

ஆசிரியை நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார்.

*

பருவம் முடிந்தது. அடைப்பைப் பிரிக்கப் போனார்கள். காத்தமுத்து மூங்கிலை உருவிக் கட்டினார். பந்தல் போய்விட்டது. கரை முழுவதும் ஒரே வெயில். வரிசைகள் எங்கே இருந்தன என்பதே தெரியவில்லை. வெயில் வரிசையின் குச்சிகள் மட்டும் நின்றன.

மாணவி அவற்றின் முன்னால், கடல் பக்கமாக நின்றாள். நாலு நாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

“மேடம், அஞ்சுல நாலு போயிருச்சு. ஒண்ணு பொழச்சிருக்கு. வெயில்லயும் பொழைக்குதே, எதுக்குப் பந்தல்னு யாராவது கேக்கலாம். கேக்கட்டும். அதுதான் உண்மைன்னா அப்படியே எழுதிடுறேன்.”

“எழுது.”

“ஆனா எனக்கு ஒண்ணு புரியல. மூணு தடவை பாத்துட்டேன். அதே மணல். அதே ஆழம். ஒரே வாரத்துல வச்ச முட்டை. ரெண்டாவது மட்டும் எப்படி மேடம் பொழச்சுது?”

ஆசிரியை வரிசைக்குப் பின்னால், எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றிருந்தார். மேற்கு வெயில் முதுகில் அடித்தது. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.



மாணவி காத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்து மணலைப் பார்த்தாள்.

ஆசிரியையின் நிழல் மணலில் நீண்டு கிடந்தது. அது இரண்டாவது குச்சியின் மேல் விழுந்திருந்தது.

அவள் பார்த்துவிட்டதை ஆசிரியையும் பார்த்தார்.

மெல்லக் குனிந்து இரண்டாவது குச்சியைப் பிடுங்கினார். அவளிடம் நீட்டினார்.

மாணவி வாங்கிக்கொண்டாள். குச்சியின் அடியில் மணல் இன்னும் சூடாக ஒட்டியிருந்தது.

“நாலு” என்றாள்.

“ம்.”

“அப்போ அடுத்த பங்குனிக்கு…”

“ஆறு கூடு.”

காத்தமுத்து மூங்கில் கட்டைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் போனார். ஓர் அலை வந்து திரும்பியது.

“பொண்ணு.”

“சொல்லுங்க மேடம்.”

“அடுத்த வருஷம் சாயங்கால நேரத்துல என்னை இங்க நிக்க விடாதே.”

மாணவி குச்சியிலிருந்த மணலைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

“காலைல என்னை யாரு மேடம் தடுக்கிறது?”