படத்தில் இல்லாத கை

பாடகி அபரஞ்சி அம்மாளுக்குக் குரல் போன பிறகு கண்காட்சி வைத்தார்கள். வெந்நீர் ஃபிளாஸ்க், மூக்குக்கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி, கல்கண்டு டப்பா எல்லாம் கண்ணாடிக்குள் இருந்தன. சுவர் முழுக்கக் கச்சேரிப் படங்கள்.

திறப்பு விழா சாயங்காலம். காலையிலேயே அம்மாளும் சிஷ்யை தையல்நாயகியும் பார்க்க வந்தார்கள். தையல்நாயகிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் கட்டவில்லை, தனிக் கச்சேரி செய்யவில்லை. அம்மாளின் முதுகுக்குப் பின்னால் தம்புரா மீட்டியே காலம் போயிருந்தது.

அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்தாள். ஒன்றில் அவளுடைய முழங்கை. இன்னொன்றில் தம்புராவின் தலை மட்டும். மற்றவற்றில் அவள் வர வேண்டிய இடத்தில் சட்டம் வந்துவிட்டது.

"அம்மா, சாயங்காலம் நான் வரலை. தம்பி வீட்டுக்குப் போறேன். இனிமே அங்கேயே இருந்துக்கிறேன்."

"என்னடி திடீர்னு?"

"இதுல நான் எங்கேம்மா இருக்கேன்?"



கூடத்தின் நடுவே மேடை போல ஜமக்காளம் விரித்து, மைக் வைத்து, தம்புராவைச் சாய்த்திருந்தார்கள். சுற்றிலும் கயிறு. அம்மாள் கயிற்றைத் தாண்டினார்.

"தொடக் கூடாதும்மா!" காவலாளி ஓடி வந்தான்.

"சுவத்தைப் பாரு. என்னைப் பாரு. அப்புறம் சொல்லு."

அவன் பார்த்தான். திரும்பிப் போனான்.

அம்மாள் பின்னால் உட்கார்ந்து தம்புராவை எடுத்துக்கொண்டார். பிருடைகளைத் திருகிச் சுருதி சேர்த்தார்.

"முன்னால உக்காரு. பாடு."

"நானா?"

"குரல் உனக்குத்தானே மிச்சமிருக்கு?"

தையல்நாயகி மைக்கின் முன்னே உட்கார்ந்தாள். முதல் தடவையாக அவள் எதிரே யார் முதுகும் இல்லை. வெறும் கூடம். காலி நாற்காலிகள். வலது கை தாளத்துக்குத் தொடையில் அமர்ந்தது. இடது கை அவளைக் கேட்காமலே பின்னால் போய்த் தம்புராவின் குடத்தைத் தொட்டது.

"என்ன தேடுறே?"

"நீங்க இருக்கீங்களான்னு..."

"இப்ப என் படத்தைப் பாரு. இடது கை எங்கே?"

நிமிர்ந்து பார்த்தாள். எல்லாப் படத்திலும் வலது கை தொடையில் இருந்தது. இடது கை ஒன்றில்கூட இல்லை. அது பின்னால் போயிருந்தது.

"முதுகுவலிக்கு ஊனிக்கிறீங்கன்னுல்ல நெனச்சேன்? தொட்டா நாதம் அடைபடுதேன்னு குடத்தை நகர்த்தி வச்சுக்குவேனேம்மா."

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

அம்மாளின் விரல் தந்தியை விட்டு எழவில்லை.

"நீ நகர்த்தின அன்னைக்கெல்லாம் பயந்துக்கிட்டேதான் பாடினேன்" என்றார்.