ஒற்றைப் பனைக்கு அப்பால்

நரையான் என்ற கூழைக்கடா, கரியான் என்ற நீர்க்காகத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒற்றைப் பனையின் அடியில்தான். நல்ல உச்சி வெயில். கரியான் தொண்டையில் சுமந்து வந்த இரண்டு தவளைகளைத் தரையில் இறக்கிவிட்டு, சிறகுகளை விரித்து அவற்றுக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றது.

அந்தக் கோடையில் மேட்டுக்குளம் வற்றிக்கொண்டிருந்தது. அங்கிருந்த தவளைகளைப் பெரிய ஏரிக்குக் கொண்டுவரும் வேலையை ஏரியின் ஆமை பறவைகளிடம் கொடுத்திருந்தது. கூழைக்கடா எழும்ப வேண்டுமென்றால் நெடுந்தூரம் ஓட வேண்டும். சின்னக் குளத்தில் அதற்கு இடமில்லை. அதனால் நீர்க்காகங்கள் தவளைகளைப் பனைவரை கொண்டுவரும். அங்கே திடலில் காத்திருக்கும் கூழைக்கடாக்கள் அலகுப் பைக்கு எட்டாக அள்ளிக்கொண்டு ஏரிக்குப் பறக்கும். ஒரு நடைக்குக் கூழைக்கடாவுக்கு மூன்று மீன். நீர்க்காகத்துக்கு ஒன்று.

ஏறும்போதெல்லாம் தவளைகள் கரியானிடம், "விழுங்கிடாதே மாமா" என்று சொல்லும். "உள்ளே போய் உதைக்காம இருங்க. உதைச்சா தொண்டை தானா விழுங்கிடும்" என்று கரியானும் சொல்லும்.

கூழைக்கடாக்களின் சங்கம் இரண்டு விதிகள் வைத்திருந்தது. நீர்க்காகம் ஒரு நடைக்கு இரண்டு தவளைக்கு மேல் சுமக்கக் கூடாது. பனையைத் தாண்டக் கூடாது. நீர்க்காகத்தின் தொண்டையில் நான்கு பிடிக்கும். ஏரிவரை பறக்கச் சிறகில் தெம்பும் உண்டு. ஆனால் குறைந்த மீனுக்குப் பறக்கிறவர்களை ஏரிவரை விட்டால் நம் வழி போய்விடும் என்று கூழைக்கடாக்கள் பயந்தன. அது வீண் பயமும் அல்ல. ஆமையின் எண்ணம் அதுதான்.

ஒரு மாதத்துக்கு முன்பு கரியான் சங்கத்துக்கு வந்து பேசியது. "எங்களையும் சேர்த்துக்கோங்க அண்ணே. எல்லாருக்கும் மூணு மீனுன்னு ஆயிட்டா, ஆமை எங்களைக் காட்டி உங்களை மிரட்ட முடியாதே."

"சேர்த்தா உன்னை வரிசையில எங்கே நிறுத்துறது? என் காலுக்கு நடுவிலயா?" என்றது தலைவர் கூழைக்கடா. எல்லாம் சிரித்தன. நரையானும் சிரித்தது.

பிறகு ஆமை, இனி நீர்க்காகங்கள் நான்கு தவளைகளோடு நேரே ஏரிக்கு வரட்டும் என்று சொல்லி அனுப்பியது. கூழைக்கடாக்கள் கோபம் கொண்டன. முடிவு தெரியும்வரை யாரும் பையைத் திறப்பதில்லை, பனையைத் தாண்டும் நீர்க்காகத்தைச் சும்மா விடுவதில்லை என்று சொல்லிவிட்டுக் கூட்டம் போட்டன.

நரையான் கூட்டத்துக்குப் போகும் வழியில்தான் கரியானைப் பார்த்தது. விடிந்ததிலிருந்து அது கரியானுக்கு ஒன்பதாவது நடை. இரண்டிரண்டாகத்தானே தூக்க வேண்டும். முன்பு வந்தவை பனைநிழல் ஈரத்தில் புதைந்துகொண்டன. இந்த இரண்டுக்கும் இடமில்லை.

"குளத்துல கடைசி ரெண்டும் இதுங்கதான் அண்ணே. நீங்க தூக்கிட்டுப் போங்க. இல்லே, என்னை விடுங்க. ஏரி இதோ தெரியுது."

"இன்னைக்கு உன்னை விட்டா நாளைக்கு வழி உன்னுது. கூட்டம் முடியட்டும், நானே பேசுறேன். அதுவரை இங்கேயே நில்லு."

"நிக்கிறேன்" என்றது கரியான். அதன் அலகு வறண்டு திறந்திருந்தது.

அந்தச் சங்கத்தில் மூப்பு வரிசைப்படிதான் பேச வேண்டும். நரையான் பத்தொன்பதாவது. நீர்க்காகத்துக்கு ஒரு நடைக்கு இரண்டு தவளையா, நான்கா என்று ஒவ்வொரு மூத்த கூழைக்கடாவும் நிதானமாகப் பேசியது. அங்கே ஒருவன் வெயிலில் நிற்கிறான் என்று ஒரு வார்த்தை இடையில் சொன்னால் போதும். வரிசையை மீறுவது வழக்கமில்லை என்று நரையான் சும்மா இருந்தது. அதன் முறை வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டுதான் என்று முடிவானது. நரையானும் அதற்கே சிறகைத் தூக்கியது.

முடிந்ததும் பனைக்குப் பறந்தது. கரியான் சிறகுகளை விரித்தபடியே தரையில் கவிழ்ந்து கிடந்தது. நரையான் ஒரு சிறகை மெல்லத் தூக்கிப் பார்த்தது. அடியில் இரண்டு தவளைகளும் உயிரோடு இருந்தன.

"மாமா எழுந்திருக்கவே இல்லே" என்றது ஒன்று.

நரையான் சங்கத்தைக் கேட்காமல் பையைத் திறந்து அவற்றை ஏற்றிக்கொண்டது. ஈரத்தில் புதைந்திருந்தவற்றையும் அடுத்தடுத்த நடைகளில் ஏரிக்குக் கொண்டுபோனது.

மறுநாள் நீர்க்காகங்கள் எல்லாம் வேறு ஏரிக்குப் போய்விட்டன. அடுத்த கோடையில் குளங்கள் வற்றின. பனைவரை தவளைகளைக் கொண்டுவர யாரும் இல்லை. கூழைக்கடாக்கள் காத்த நீண்ட வழியில் சுமப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. விதியை எடுத்துவிட்டோம் என்று சொல்லி அனுப்பின. யாரும் திரும்பி வரவில்லை.

தன்னோடு உழைக்கிறவனை வெளியே நிறுத்திக் காக்கும் உரிமை, காத்தவனுக்கும் உதவுவதில்லை.

அந்த இரண்டு தவளைகளும் பெரிய ஏரியில் இருக்கின்றன.