காதில் சொன்ன விலை

ஐரோப்பிய அமைச்சர்கள் பிரஸ்ஸல்ஸில் கூடியிருந்தார்கள். போரினால் பழைய எரிவாயுக் குழாய் நின்றுபோய், குளிர்காலத்துக்கு வேறு இடத்தில் வாங்க வேண்டிய நிலை. விற்கிற நாட்டின் தூதர், "சாயங்காலத்துக்குள் எல்லாரும் ஒரே விலையைச் சொல்லுங்கள், அதற்கே தருகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்வதுதான் விலை" என்று மீசையை நீவினார்.

இருப்பதிலேயே சின்ன நாட்டின் அமைச்சர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், அவருடைய நாற்காலியில் உதவியாளர் இல்சே உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் தூதர் அவளை ஓரமாக அழைத்தார். "யார் எந்த விலை சொன்னாலும் மறுத்துவிடு. உங்களுக்கு மட்டும் சந்தை விலையில் பாதி. வெளியே மூச்சு விடாதே."

நமக்குப் போய் இவ்வளவு சலுகையா என்று இல்சேவுக்கு உறுத்தியது. சபை கூடியதும் எழுந்தாள்.

"ஐயா, என் காதில் பாதி விலை என்றீர்களே, அதை இங்கே யார் யாரிடம் சொல்லக் கூடாது?"

பெரிய நாட்டு அமைச்சர் ஒருவர் இல்சே பக்கம் திரும்பி, "உங்களுக்குமா?" என்றார். அடுத்தவர் அவரைப் பார்த்து, "உங்களுக்குமா?" என்றார். கேள்வி மேசையைச் சுற்றி வந்தது.

"அப்படியானால் நம் எல்லாருக்கும் ஒரே விலைதான், பாதி விலை. சம்மதமா?" என்றாள் இல்சே.

அத்தனை கைகளும் உயர்ந்தன. சபையில் சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் தூதர் கையெழுத்துப் போட்டார். இல்சே அமைச்சருக்குச் சூடாக சூப் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் புறப்பட்டாள்.